கடுக்காய்: ஒரே மரம், பல சரக்கு



நம் கடைக்கு ஒருவர் வந்து, "கடுக்காய் ஐம்பது கிராம் கொடுங்கள்" என்கிறார். கடைப் பையன் டப்பாவைத் திறந்து நிறுத்துக் கொடுத்துவிடுகிறான். அடுத்து வருபவர் "கருங்கடுக்காய்" என்று கேட்கிறார். மூன்றாமவர் ஹகீம் எழுதிய சீட்டை நீட்டி, "ஹலீலா காபூலி" என்கிறார். நான்காவதாக ஓர் அம்மையார், "கடுக்காய்ப் பூ இருக்கிறதா?" என்று விசாரிக்கிறார். இந்நால்வரும் கேட்பது நான்கு மரங்களின் சரக்கா, அல்லது ஒரே மரத்தின் சரக்கா?

டப்பாவின் மேல் ஒட்டிய பெயரைத் தவிர வேறொன்றும் அறியாத வியாபாரியால் இதற்குப் பதில் சொல்ல இயலாது. பதில் தெரியாதவர் கொள்முதலில் ஏமாறுவார். விற்பனையில் தாம் அறியாமலே பிறரை ஏமாற்றுவார். ஆகவே, நம் கடைகளில் அன்றாடம் புழங்கும் இச்சரக்கைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

மரமும் அதன் இனமும்

கடுக்காய் மரம் இந்தியாவின் இமயமலை அடிவாரம் முதல் தென்னாட்டு மலைக்காடுகள் வரையிலும், இலங்கை, மியன்மார், தாய்லாந்து முதலிய நாடுகளிலும் வளர்வது. இலையுதிர்க்கும் பெருமரம். சிங்கப்பூர், மலேசியக் கடற்கரைகளிலும் சாலை ஓரங்களிலும் நிழல் தரும் கெத்தாப்பாங் மரத்தை யாவரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அதை நாட்டுவாதுமை என்போம். அந்த மரமும் கடுக்காய் மரமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

1788-ஆம் ஆண்டில் ரெட்சியஸ் என்னும் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் இம்மரத்துக்கு "செபுலா" என்று பெயர் சூட்டினார். அது காபூல் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பர். காபூல் இச்சரக்கு கைமாறிய சந்தை. இதன் சொந்தக் காடு இந்தியாவில் இருக்கிறது. விற்ற ஊரின் பெயர் விளைந்த பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. வியாபாரிகளாகிய நமக்கு இது புதுமையன்று.

வேற்றுமை எங்கிருந்து வருகிறது?

கடுக்காயில் காணும் வேற்றுமைக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மரத்தின் இயல்பு. ஒரே இனமாயினும் மரத்துக்கு மரம் காய் வேறுபடும். ஒன்றில் நீண்டிருக்கும், மற்றொன்றில் உருண்டிருக்கும். ஒன்றில் சதை அதிகம். மற்றொன்றில் கொட்டை பெரிது. இலையில் சில மரங்களுக்கு மென்மயிர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பழைய வைத்திய நூலார் இவ்வேற்றுமைகளைக் கண்டே விசயன், ரோகிணி, அபயன் என்பன போல ஏழு வகை பிரித்தனர். அவர்கள் கண்ட வேற்றுமை மெய்யே. ஆனால் அவை ஏழு வெவ்வேறு மர இனங்கள் அல்ல.

இரண்டாவது, பறிக்கும் பருவம். வியாபாரிக்கு மிக முக்கியமானது இதுதான். கொட்டை முற்றுவதற்கு முன் உதிர்ந்தோ பறித்தோ உலர்த்திய பிஞ்சு கறுத்துச் சுருங்கும். இதுவே பிஞ்சுக் கடுக்காய். யூனானி ஹகீம்கள் கூறும் ஹலீலா சியா. வளர்ந்து, ஆனால் முழுதும் பழுக்காமல் மஞ்சளாய் இருக்கையில் எடுத்தது ஹலீலா ஸர்த். நன்கு முற்றிப் பழுத்த பெரிய காயே ஹலீலா காபூலி. மூன்று பெயர், மூன்று விலை, மரம் ஒன்றே. சீன மருந்துக் கடைகளிலும் இதன் முற்றிய காயும் பிஞ்சும் இரு வேறு பெயர்களில் இரு சரக்குகளாகவே விற்கப்படுகின்றன.

மூன்றாவது, விளையும் இடம். மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி காயின் துவர்ப்புச் சத்து கூடும், குறையும். முன்னாளில் சீமைக்குக் கடுக்காய் ஏற்றுமதி செய்தவர்கள் ஜபல்பூர்ச் சரக்கு, பீமிலிப்பட்டினச் சரக்கு என்று ஊர்ப்பெயரால் தரம் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என விலை வைத்தனர்.

கடுக்காய்ப் பூவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் பூவாயினும் அது பூவன்று. பூச்சி இளம் இலையில் முட்டையிட, அவ்விடம் வீங்கி உள்ளே பொள்ளலாய் உலர்ந்து நிற்கும். அதைத்தான் கடுக்காய்ப் பூ என்கிறோம். இது வயிற்றுப்போக்கு மருந்துக்கும், மஞ்சள் சாயத்துக்கும் பயன்பட்டு வந்தது.

மருந்துக்கு மட்டுமன்று

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலை. இச்சொல்லே அரபு நாட்டு மருத்துவத்தில் "இத்ரீபல்" என்று வழங்கலாயிற்று. மலச்சிக்கலுக்கும் செரிமானத்துக்கும் நம் பெரியவர்கள் இதைப் பயன்படுத்தினர். சுக்கின் மேல்தோலைச் சீவுவது போலக் கடுக்காயின் உட்கொட்டையை நீக்கியே மருந்துக்கு எடுப்பது வழக்கம்.

எனினும், கடுக்காய் கப்பலேறியது மருந்துக்காக மட்டுமன்று. முற்றிய காயின் உலர்ந்த தோற்பகுதியில் ஏறக்குறைய 30 சதவீதம் துவர்ப்புச் சத்து உண்டு. அது பச்சைத் தோலைப் பதமாக்கும். திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி முதலிய ஊர்களில் நம்மவர் பலர் ஈடுபட்ட தோல் தொழிலில், ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலைக் கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும். கடுக்காய் நீர் அதைத் தடுத்து வெளிர்நிறம் தரும். பின்னர் குரோம் முறை பரவியதால் இத்தேவை குறைந்தது.

கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி கலந்தால் நல்ல கறுப்பு மை கிடைக்கும். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுப்பதே காரணம். இக்குணத்தைக் கொண்டே சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளும் உருவாயின. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த நீரால் அதில் கோடிழுத்தால் அக்கோடு உடனே கறுக்கும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் காக்கும். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே சோழமண்டலத் துணி அத்துறைமுகத்தில் பெருஞ்சரக்காயிருந்தது. அத்துணியை ஏற்றிவந்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். சுண்ணாம்புச் சாந்துக்கு உறுதி சேர்க்கக் கடுக்காய் நீரும் வெல்லமும் கலப்பது தமிழ்நாட்டுக் கொத்தனாரின் பழைய வழக்கம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. கொள்முதலின்போது சில காய்களை உடைத்துப் பாருங்கள். கெட்டியாகவும் கனமாகவும் இருப்பது நல்ல சரக்கு. பஞ்சுபோல் உதிர்வதும், புழு துளைத்ததும் தள்ளத்தக்கவை. நல்ல காய் நீரில் ஆழும் என்பது பழைய வைத்தியர் சோதனை.

2. பிஞ்சு என்று வருவதை உடைத்தால் உள்ளே கடினக் கொட்டை இருத்தல் கூடாது, உட்புறமும் கறுத்திருக்கும். கொட்டை இருந்தால், அது சிறுத்த முற்றிய காயே. அதற்குப் பிஞ்சின் விலை கொடாதீர்; வாங்காதீர்.

3. பொடியாக வருவதில் எது காய், எது கொட்டை என்று கண்ணால் அறிய முடியாது. இயன்றவரை முழுக்காயாக வாங்கிக் கடையிலேயே கொட்டை நீக்கி இடித்துக் கொடுங்கள். கஷாயம் வைப்பவரிடம் இரும்புச் சட்டி வேண்டாம், கறுத்துவிடும் என்றும் சொல்லுங்கள்.

4. கர்ப்பமுற்ற பெண்களுக்குக் கடுக்காய் ஆகாது என்பது வைத்தியர்களின் எச்சரிக்கை. கேட்பவரிடம் இதைச் சொல்லுவது நம் கடமை. நோய் தீரும் என்று பொட்டலத்தில் எழுதி விற்பதற்கு அரசாங்கச் சட்டங்கள் உண்டு என்பதையும் மறவாதீர்.

5. ஒருவர் கேட்ட வகை இல்லையானால், இல்லையென்றே கூறுங்கள். "எல்லாம் ஒரே மரந்தானே" என்று மஞ்சளைக் காபூலியாக்கிக் கொடுப்பது நியாயமன்று. மரம் ஒன்றுதான், ஆனால் ஹகீம் சீட்டில் எழுதியது குறிப்பிட்ட பருவத்துச் சரக்கை.

தொடக்கத்தில் வந்த நால்வருக்கும் இப்போது நாம் பதில் சொல்லலாம். நால்வரும் ஒரே மரத்தைத்தான் கேட்டார்கள். நால்வருக்கும் கொடுக்கவேண்டியது ஒரே சரக்கு அன்று. இவ்விரண்டையும் அறிந்து நிறுத்துக் கொடுப்பவர் கடைக்கு மறுமுறையும் வாடிக்கையாளர் வருவார். நாளையே உங்கள் கடைப் பையனை அருகில் அழைத்து, ஒரு பிஞ்சையும் ஒரு முற்றிய காயையும் அவன் கண்முன் உடைத்துக் காட்டுங்கள். இப்பாடத்தை அவனும் மறக்கமாட்டான்.