மறுபடியும் பேசினார்கள்

வேதபாடம்: ஆதியாகமம் 37, 42–45, 50:15-21



இம்முறை யோசேப்பின் குடும்பத்தைப் பற்றி உங்களோடு தியானிக்க விரும்புகிறோம். ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குத் தெரிந்த வரலாறுதான். பலவருண அங்கியும் சொப்பனங்களும் நினைவில் நிற்கின்றன. ஆனால் அவனுடைய சகோதரருக்கு அவனோடு அன்பாய் ஒரு வார்த்தை பேச முடியாமற்போயிற்று என்ற சிறு குறிப்பை (37:4) நாம் கடந்துபோய்விடுகிறோம். குழியும் இருபது வெள்ளிக்காசும் பிறகு வந்தவை. முதலில் நின்றது பேச்சு.

நம் வீடுகளிலும் அப்படித்தானே? வரப்பிலோ, அம்மாவின் நகையிலோ, கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போன ஒரு பெயரிலோ தொடங்கும். பேச்சு நிற்கும். பின்பு ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இதை அடிக்கடி காண்கிறோம். உள்ளே தகப்பனார், வெளியே மூத்தவர் குடும்பம் பெஞ்சில், இளையவர் குடும்பம் மாடிப்படி அருகே. டாக்டர் ஒரே செய்தியை இரண்டு இடத்தில் சொல்லவேண்டியிருக்கும்.

யோசேப்பின் வரலாறு அவனுடைய 17 வயதில் தொடங்குகிறது. பார்வோனுக்கு முன் நின்றபோது வயது 30. செழிப்பின் ஏழு வருஷமும் பஞ்சத்தின் இரண்டு வருஷமும் கழிந்து, தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்தியபோது ஏறக்குறைய 39. இதற்கிடையில் பிறந்த மூத்த மகனுக்கு மனாசே என்று பேரிட்டான். தகப்பன் வீட்டைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்பது அதன் கருத்து (41:51). மறந்தானா? சகோதரரைக் கண்டதும் அப்பால் போய் அழுதான் (42:24). மறுபடி அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தான் (43:30-31). விருந்தும் கொடுத்தான், ஆனால் தனித்தனிப் பந்தி (43:32). மறப்போம், மன்னிப்போம் என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். யோசேப்பு மறக்கவில்லை. மறக்காமலே மன்னித்தான்.

ஏன் உடனே கட்டித்தழுவவில்லை, ஏன் வெள்ளிப் பாத்திரத்தைச் சாக்கில் வைத்துச் சோதித்தான் என்று சிலர் கேட்பதுண்டு. ராகேலின் இன்னொரு மகன் பென்யமீன் அவர்கள் கையில் இருந்தான். தனக்குச் செய்ததை அவனுக்கும் செய்வார்களோ என்று யோசேப்பு அறியவேண்டியிருந்தது என்றே எண்ணுகிறோம். அன்று தம்பியை விற்க யோசனை சொன்ன யூதாவே, இன்று தம்பிக்குப் பதில் தான் அடிமையாயிருக்க முன்வந்தான் (44:33). அதன்பின்தான் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

இதைச் சபைகளில் நாம் அழுத்திச் சொல்வது நல்லது. அடிபட்டு வார்டில் படுத்திருக்கும் மனைவியிடம், "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று விசுவாசிகளே சொல்லக் கேட்கிறோம். அது சுவிசேஷம் அல்ல. மன்னிப்பைக் கர்த்தருடைய பெலத்தால் இன்றே கொடுக்கலாம். நம்பிக்கையோ, மனந்திரும்பினதற்கு ஏற்ற கனியைக் கண்டபின் வருவது. அப்படிப்பட்ட சகோதரிகளுக்குக் காயங்களை டாக்டர் பதிவுசெய்வதும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் பாதுகாப்பை எடுத்துச் சொல்வதும் எங்கள் ஊழியத்தின் பங்குதான்.

45-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு குற்றத்தை மூடி மறைக்கவில்லை. நீங்கள் விற்றவன் நான்தான் என்று வெளிப்படையாகச் சொன்னான். ஆனால் எகிப்தியர் அனைவரையும் வெளியே அனுப்பிய பிறகே சொன்னான். ஊர் நடுவே அவர்களை அவமானப்படுத்த அவனுக்கு மனமில்லை. ஒவ்வொருவரையும் முத்தமிட்டு அழுதபின், சகோதரர் அவனோடு பேசினார்கள் (45:15). 37:4-இல் அறுந்துபோன பேச்சு, இருபத்திரண்டு வருஷங்களுக்குப்பின் தொடர்ந்தது.

வரலாறு அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்தார். அத்தனை வருஷமும் யோசேப்பின் கையால் சாப்பிட்ட சகோதரர், தகப்பனை அடக்கம்பண்ணியதும் பயந்தார்கள். அப்பா இருந்தவரைதான், இனிப் பழிவாங்குவான் என்று நினைத்தார்கள். தகப்பன் சொன்னதாக ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான் (50:17). "பதினேழு வருஷமாய் நம்பவில்லையா?" என்று கோபிக்கவில்லை. பயப்படவேண்டாம் என்று தேற்றி, அவர்களையும் பிள்ளைகளையும் தானே பராமரிப்பதாக மறுபடியும் வாக்குக் கொடுத்தான். மன்னித்தவருக்கு அது பழைய செய்தி. மன்னிப்புப் பெற்றவர்களோ அதை இன்னொருமுறை கேட்கவேண்டியிருந்தது.

ஆகவே வார்டில் ஒப்புரவான குடும்பங்களை, அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்கள் கழித்தும் சந்திக்க முயல்கிறோம். சொத்துப் பேச்சு எழும்புவது அப்போதுதான். ஒருமுறை போனபோது, பெரியவர் வீட்டுத் திண்ணையில் தம்பி மனைவியின் டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இந்தச் சந்திப்புகளுக்காக உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இன்னும் தனித்தனியே உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.