நேபோ மலையும் பிதாவின் சிட்சையும்

வேதபகுதி: உபாகமம் 34, யோவான் 9:1–7, எபிரெயர் 12:1–13

நோயுற்றவரின் கட்டிலருகே அமர்ந்திருப்போர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. யார் செய்த பாவத்திற்கு இந்தத் தண்டனை? மருத்துவரிடம் இதை எவரும் கேட்பதில்லை. போதகரிடமும் பெரும்பாலோர் கேட்பதில்லை. இரவில் விளக்கு அணைந்தபின் நோயாளி தம்மையே கேட்டுக்கொள்கிறார். சில வேளை, பார்க்க வந்த உறவினர் ஒருவர் பழப்பையோடு இக்கேள்வியையும் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் போகிறார். இம்முறை நம் பாடம் இதைக் குறித்ததே.

கொடைக்கானல் என்னும் ஊர் உருவானதற்கே நோயும் மரணமும் காரணமாயின. 1834-ஆம் ஆண்டில் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், வாந்திபேதி முதலிய நோய்களுக்குத் தங்களில் பலரை இழந்தனர். சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலையின்மேல் முதலில் இரண்டு வீடுகளைக் கட்டி ஏறிவந்தனர். அந்நோய்கள் எதனால் வருகின்றன என்பது அக்காலத்து வைத்தியர்களுக்கும் விளங்கவில்லை. காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-இல். மலேரியாவிற்கும் கொசுவிற்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். காரணம் தெரியாத இடத்தில் பாவத்தைக் காரணமாக்குவது எளிது. அவர்களோ குளிர்ந்த காற்றைத் தேடி மலையேறினர். தேவனுடைய கரத்தில் தாங்கள் இருப்பதாக விசுவாசித்தவர்களே நோயினின்று விலகவும் வழி தேடினர். மருந்து உண்பதும் அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவதும் தேவசித்தத்தை எதிர்ப்பது ஆகாது என்பதை நாமும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்வோம்.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டபோது, குற்றம் அவனுடையதா, பெற்றோருடையதா என்று சீஷர்கள் விசாரித்தனர். இரண்டும் அன்று என்று இயேசு மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், சேறு உண்டாக்கி அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவ அனுப்பினார். வேறொரு சமயம், அதே சீலோவாமில் கோபுரம் சரிந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று தெளிவாகச் சொன்னார். யோபுவின் நண்பர்களையும் நினைத்துப்பாருங்கள். ஏழு நாள் வாய்திறவாமல் உடன் தரையில் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர்!

அப்படியானால் தேவன் தம் பிள்ளைகளைச் சிட்சிப்பதே இல்லையா? சிட்சிக்கிறார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் அதை மறைக்கவில்லை. ஆனால், அங்கே வரும் கிரேக்கச் சொல் 'பைதேயா' என்பது. குழந்தை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிற பயிற்சி முழுவதையும் அது குறிக்கும். நம் தமிழ்ச் சொல்லும் அத்தகையதே. வடமொழியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. அதுவே தமிழில் சிட்சையாயிற்று. நாளடைவில் பிரம்பு மட்டும் நம் நினைவில் தங்கிப் பாடம் மறந்துபோயிற்று. நீதிபதி தண்டிக்கும்போது நடந்துபோன குற்றத்தை நோக்குகிறார். தகப்பன் சிட்சிக்கும்போது பிள்ளையின் வருங்காலத்தை நோக்குகிறான். முன்னதில் கணக்குத் தீர்கிறது. பின்னதில் உறவு தொடர்கிறது.

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்களில் வேலைசெய்வோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அறுவடை முடிந்தபின் செடியைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டுண்ட செடி பார்ப்பதற்குப் பரிதாபமாய் இருக்கும். ஆனால் பிடுங்கி எறியவேண்டிய செடியை எவரும் உட்கார்ந்து கவாத்து செய்வதில்லை.

பாவத்திற்குரிய தண்டனையைக் கிறிஸ்து சிலுவையில் ஏற்றுத் தீர்த்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடித்தளம். ஒரே கடனை இருமுறை வசூலிப்பவர் நீதியுள்ளவர் அல்லர், தேவனோ நீதியுள்ளவர். எனவே கிறிஸ்துவைப் பற்றிக்கொண்ட ஒருவர் தம் நோயைப் பார்த்து, 'தேவன் என்னிடம் பழிதீர்க்கிறார்' என்று எண்ண இடமில்லை. கிருபை என்பது தண்டனையில் ஏதோ கொஞ்சம் தள்ளுபடி செய்வதன்று.

எனினும் மன்னிப்பு வேறு, செயலின் விளைவு வேறு. இதை விளங்கிக்கொள்ள நம் ஊரிலேயே ஒரு பெயர் இருக்கிறது. பழைய கல்லறைத் தோட்டம் இருக்கும் மேட்டிற்கு நேபோ மலை என்று பெயரிட்டிருக்கிறார்கள். வேதத்தில் நேபோ என்பது மோசே மரித்த மலை. மேரிபாவில் கன்மலையோடு பேசும்படி கட்டளை பெற்ற மோசே, கோபத்தோடு கோலால் அதை இருமுறை அடித்தார். தாகத்தோடிருந்த ஜனங்களுக்குத் தண்ணீர் தடையின்றிப் புறப்பட்டது. தலைவரின் குற்றத்திற்காக அவர்கள் தவிக்க விடப்படவில்லை. ஆனால் மோசே வாக்குத்தத்த தேசத்திற்குள் செல்வதில்லை என்று தீர்மானமாயிற்று. அவர் கெஞ்சினார். இனி இதைக் குறித்துப் பேசவேண்டாம் என்பதே பதிலாயிற்று.

இதைத் தண்டனை என்று மட்டும் வாசிப்பவர்கள் பாதியிலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் 120 வயதான மோசே, பார்வை மங்காதவராய், நேபோவில் ஏறுகிறார். தேவனே உடனிருந்து தேசத்தை அவருக்குக் காட்டுகிறார். மரித்தபோது அவரை அடக்கம்பண்ணியவரும் தேவனே. தாம் வெறுத்துத் தள்ளியவனுக்கு இப்படி எவரும் செய்வதில்லை. நம் மலைவிளிம்பில், மேகம் விலகிய காலையில் நின்று சமவெளியைப் பார்த்திருக்கிறவர்கள் அந்த மலையுச்சியை ஓரளவு மனக்கண்ணில் காணலாம்: கண்ணுக்கு எட்டுகிறது, காலுக்கு எட்டவில்லை, ஆயினும் காட்டுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

இது வார்டுகளிலும் நடப்பதே. பல ஆண்டு குடித்துக் கல்லீரல் கெட்டவர் மனந்திரும்புகிறார். தேவன் அவரை முழுவதுமாய் மன்னிக்கிறார். கல்லீரல் பழையபடி ஆகாமலும் இருக்கலாம். அந்தக் கல்லீரலைக் காட்டி, மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று அவர் முடிவுசெய்வது தவறு. மனைவியும் பிள்ளைகளும் அவருக்குக் கஞ்சி கொண்டுவருகிறார்களே, அதிலும் கிருபை இருக்கிறது. மறுபுறம், ஒரு நாளும் குடியைத் தொடாதவருக்கும் அதே நோய் வருகிறது. அவருடைய கடந்த காலத்தில் காரணம் தேடிக் குடைவது வீண் வேலை. இது குழந்தைகள் வார்டில் இன்னும் உண்மை. பெற்றோரின் குற்றம் பிள்ளையின் தலையில் விடிந்தது என்ற பேச்சை எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் கண்டித்து நிறுத்துகிறது.

தாவீதின் குழந்தை மரித்ததை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே செய்தியைக் கொண்டுவந்தவர் தேவனால் அனுப்பப்பட்ட நாத்தான் தீர்க்கதரிசி. பார்வையாளர் நேரத்தில் வந்துபோகும் நாம் நாத்தான் அல்லோம். சிட்சையில் தகப்பனின் குரலைக் கேட்கவேண்டியது அந்தப் பிள்ளைதான். பக்கத்து வீட்டார் அதைச் சத்தமிட்டு வாசிக்கவேண்டியதில்லை. நோயாளி தாமே, 'என் மனத்தில் பாரம் இருக்கிறது, அறிக்கையிட விரும்புகிறேன்' என்றால், அவசரப்படாமல் கேளுங்கள், போதகரை அழையுங்கள். ஆனால் அறிக்கையைச் சுகத்திற்கான விலையாக்காதீர்கள்.

இன்னொன்று. சிட்சையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எபிரெயர் பன்னிரண்டில் பதினோராம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு வசனங்களில் நிருபக்காரர் தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்தச் சொல்கிறார். முடமான கால் மேலும் பிசகிவிடாமல் குணமாகும்படி பாதையைச் செவ்வைப்படுத்தச் சொல்கிறார். முடநீக்கு வார்டில் நடைபயிற்சிக்குக் கைகொடுக்கும் உறவினர்கள் ஒவ்வொரு காலையும் செய்வது அந்த வேலைதான்.