பாங்கு நேரம் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

கோயம்புத்தூரில் ஒருவர் நோன்பு துறக்க அமர்ந்திருக்கிறார். பேரீச்சம்பழம் கையில் இருக்கிறது. வானொலியில் சென்னையின் மக்ரிபு பாங்கு ஒலிக்கிறது. பழத்தை வாயில் இடலாமா? கூடாது. அவருடைய ஊரில் சூரியன் இன்னும் மறையவில்லை. "பத்து நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும்" என்பார் வீட்டுப் பெரியவர். எல்லாக் காலத்துக்கும் அதுவும் பொருந்தாது. காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது. சூரியனை நோக்கிய பாதியில் பகல், மறுபாதியில் இரவு. 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால், ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோவை சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 3.3 பாகை தள்ளியிருக்கிறது. ஆகவே சென்னையில் உச்சி சாய்ந்து 13 நிமிடம் கழித்தே கோவையில் லுஹர் வக்து தொடங்கும். கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்று, சூரியன் அப்படியல்ல. இந்த 13 நிமிடம் வருடம் முழுவதும் மாறுவதில்லை.

மக்ரிபுக்கோ இது போதாது. பூமி 365¼ நாளில் சூரியனையும் சுற்றி வருகிறது. அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாயும் திசை மாறுவதில்லை. ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குச்சியைச் செருகி, சாய்த்தபடியே விளக்கைச் சுற்றிக் கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்கும் விளங்கிவிடும். ஒரு பக்கம் போகும்போது குச்சியின் மேல்முனை விளக்கை நோக்கும். எதிர்ப்பக்கம் போனால் விலகி நிற்கும். அதுவே ஜூனும் டிசம்பரும், கோடையும் குளிரும். சூரியன் அருகில் வருவதால் வெயில் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரியில், நாம் போர்வை தேடும் நாட்களில்!

ஜூனில் வடக்கே போகப் போகப் பகல் நீளும், டிசம்பரில் குறுகும். சென்னை கோவைக்கு 2 பாகை வடக்கே இருப்பதால், ஜூனில் அங்கே மாலை ஏறத்தாழ 4 நிமிடம் கூடுதலாக நீள்கிறது. அதனால் மக்ரிபு வித்தியாசம் 13லிருந்து 9 அல்லது 10 ஆகக் குறைகிறது. டிசம்பரிலோ 17 ஆகிறது. (அஸர் நிழலைப் பொறுத்தது, அதைத் தனியே எழுத வேண்டும்.)

பெரியவரின் "பத்து நிமிடம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? அது ஜூன் மாதக் கணக்கு. 2016இல் ரமழான் ஜூனில் வந்தது. அப்போது அது சரி. ஆனால் சந்திர வருடம் 11 நாள் குறைவு. ரமழான் பருவங்களையெல்லாம் சுற்றி வரும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். அன்று அதே பத்து நிமிடத்தைக் கூட்டுபவர், சூரியன் மறைய இன்னும் 7 நிமிடம் இருக்கும்போதே நோன்பை முறித்துவிடுவார். அந்த நோன்பைக் களாச் செய்யவேண்டி வரும்.

காலையில் இந்தக் கணக்கு தலைகீழ்: சூரிய உதய வித்தியாசம் ஜூனில் 17, டிசம்பரில் 9 அல்லது 10. ஆகவே கோவை அட்டவணையோடு சென்னைக்கு வரும் விருந்தாளி, ஜூன் மாத ஸஹரில் அதைப் பார்த்து உண்டால், ஸுப்ஹு நேரம் வந்த பிறகும் கால் மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் சென்னைப் பள்ளிவாசல் அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.