மாணவர் விடுதிகளில் ஃபுளூ காய்ச்சல்: தடுப்பும் நிர்வாகமும்

கல்வி வாய்ப்பை நாட்டின் கடைக்கோடி வரை கொண்டு செல்வதில் விடுதிகளின் பங்கு பெரிது. 1985-86 இல் தோன்றிய நவோதயா வித்யாலயங்கள், 2004 இல் தொடங்கப்பெற்ற கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயங்கள், பழங்குடி மாணவர்க்கான ஆசிரமப் பள்ளிகள், பல்கலைக்கழக விடுதிகள் ஆகியவை இல்லையெனில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த பலர் கல்வியைத் தொடர இயலாது. ஆயினும் ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒரே குழாயடியில் நிற்கும் இவ்வாழ்க்கை முறை தொற்று நோய்களுக்கும் இடமளிக்கிறது. அவற்றுள் மிக விரைவாகப் பரவுவது ஃபுளூ எனப்படும் இன்ஃபுளூயென்சா காய்ச்சல்.

வரலாறு தரும் பாடம்

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய ஃபுளூ, ரயில் பாதைகளின் வழியே உள்நாட்டுக்குப் பரவி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பலி கொண்டது. 1957 மே மாதத்தில் ‘ஆசிய ஃபுளூ’ சென்னைத் துறைமுகம் வழியாக நாட்டினுள் நுழைந்தது. 2009 இல் எச்1என்1 வகை பரவியபோது, மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் உள்ள உறைவிடப் பள்ளியொன்றும் அதற்கு இலக்காயிற்று.

கூட்டு வாழ்க்கையில் இந்நோயின் வேகத்தை விளக்க, 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்ததைப் பாட நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. அங்கிருந்த 763 மாணவர்களில் 512 பேர் இரண்டே வாரங்களில் படுக்கையில் வீழ்ந்தனர். மாணவர்களுடன் பழகிய சுமார் 130 பெரியவர்களில் நோயுற்றவர் ஒருவரே. முன்பு பரவிய வகையினால் பெரியவர்கள் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் மாணவர்களுக்கு இல்லை என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

பரவும் முறை

கிருமி உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோய் வெளிப்படும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே நோயாளி பிறருக்குத் தொற்றைத் தரத் தொடங்குகிறார்; அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை இது நீடிக்கலாம். ஆகவே, நோயுற்றவரைப் பிரித்து வைப்பது இன்றியமையாததே எனினும், அது மட்டும் போதாது.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு விடுதியில் நோயாளி ஒருவர் சராசரியாக மூவருக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். பாதி அளவே பயன் தரும் தடுப்பூசியை அனைவருக்கும் போட்டால் மூன்று ஒன்றரையாகக் குறையும். நோய் இன்னும் வளரும் நிலையே இது. நோயுற்றவரை முதல் நாளே பிரிப்பதாலும், சன்னல்களைத் திறந்து வைப்பதாலும், எஞ்சிய பரவலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால், எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்கும். அந்நிலையில் நோய் தானாகவே அடங்கும். தனியே குறைபாடுடைய நடவடிக்கைகள் ஒன்றுசேரும்போது முழுப் பயன் தருகின்றன என்பதே இக்கணக்கின் சாரம்.

முன்கூட்டிய ஏற்பாடுகள்

ஃபுளூவின் பருவம் நாடெங்கும் ஒன்றாக இல்லை. வட, மத்திய இந்தியாவின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையின்போதும், காஷ்மீரில் குளிர்காலத்திலும், வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழகத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுகிறது. தடுப்பூசி பயன் தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே ஒரே தேதியை நாடு முழுவதற்கும் நிர்ணயிப்பதைவிட, அந்தந்தப் பகுதியின் பருவத்திற்கு முன்னதாகத் திட்டமிடுதல் நலம். ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு உடைய மாணவர்களுக்கும், சமையற்கூடப் பணியாளர்களுக்கும், காப்பாளர்களுக்கும் முன்னுரிமை அளிக்கலாம்.

கட்டில்களுக்கிடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கு இடமில்லாத கூடங்களில் ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால்மாடு அமையுமாறு படுக்கலாம். எதிரெதிர்ச் சன்னல்கள் இரவிலும் திறந்திருக்க வேண்டும். கொசு உள்ள இடங்களில் கம்பிவலை அடித்தால் இது எளிதாகும். குழாயடியில் சோப்பு எப்போதும் இருத்தல் வேண்டும். தம்ளர், துண்டு ஆகியவற்றைப் பொதுவில் பயன்படுத்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

நோய் தோன்றிய பின்

ஒரே கூடத்தில் மூன்று நாட்களுக்குள் இருவருக்கோ மேற்பட்டோருக்கோ காய்ச்சலும் இருமலும் கண்டால், காப்பாளர் அதனைப் பரவலின் தொடக்கமாகக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் மாவட்ட நோய்க் கண்காணிப்பு அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 2004 முதல் செயற்படும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இத்தகைய தகவல்களைப் பெறுவதற்கென்றே அமைந்தது.

2009 இல் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்று பிரிவாக வகுத்தது. இலேசான காய்ச்சலும் இருமலும் உடையோர்க்கு ஓய்வும் கண்காணிப்பும் போதும். கடுங்காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் உடையோர்க்கும், பிற நோய்களால் ஆபத்து மிகுந்தோர்க்கும் மருத்துவரின் முடிவுப்படி ஒசெல்டாமிவிர் மருந்து தரலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்க நிலை, சளியில் இரத்தம், நகங்கள் நீலம் பாரித்தல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவ்வடையாளங்களை எழுதி விடுதிச் சுவரில் ஒட்டுவது நன்று. ஒசெல்டாமிவிர் 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஃபுளூ வைரசைத் தாக்குவதில்லை. சிறுவர்க்கு ஆஸ்பிரின் தருதலும் தகாது.

விடுதியை அவசரமாக மூடி மாணவர்களை ஊருக்கு அனுப்புவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. ஆனால் அறிகுறி தோன்றாத நிலையில் தொற்றுடையோர் பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்து, முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள இல்லங்களுக்கு நோயைக் கொண்டு செல்லக்கூடும். ஆகவே சுகாதார அதிகாரியைக் கலந்தாலோசித்த பின்னரே இம்முடிவை எடுத்தல் வேண்டும்.

வருகைப் பதிவும் பொருளாதாரமும்

ஒருவரது செயலின் விளைவைப் பிறர் சுமக்க நேர்வதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பர். காய்ச்சலுடன் வகுப்புக்குச் செல்லும் மாணவர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பல கல்வி நிலையங்களில் 75 சதவீத வருகைப் பதிவு கட்டாயம். மருத்துவச் சான்றிதழ் பெற அலைச்சலும் செலவும் உண்டு; ஏழை மாணவர்க்கு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சமும் உண்டு. எனவே அவர் நோயை மறைக்கிறார். அவருக்கு மிஞ்சுவது ஒரு நாள் வருகை. விடுதி இழப்பதோ பன்மடங்கு. 300 பேர் உள்ள விடுதியில் பாதிப்பேர் ஐந்து நாள் வீதம் படுத்தால், 750 மாணவர்-நாட்கள் வீணாகும்.

இந்நிலையில் அறிவுரை மட்டும் பயன் தராது. விதிகள் மாற வேண்டும். காப்பாளரின் குறிப்பையே சான்றாக ஏற்று வருகை விலக்களித்தல், தவறிய தேர்வை மீண்டும் எழுத அனுமதித்தல், நோயறைக்கே கஞ்சியும் வெந்நீரும் அனுப்புதல், மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் கழியும்வரை அங்கேயே தங்கச் செய்தல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. காற்றோட்டமுள்ள இரண்டு அறைகளை நோயறைக்கென ஒதுக்குவதைப் புதிய விடுதிகளின் கட்டட வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம்.

நோயைச் சொன்னால் நட்டமில்லை என்ற உறுதியை மாணவர் பெறும்போது, முதல் நோயாளி முதல் நாளிலேயே தெரியவருவார். அதன்பின் எடுக்கப்படும் எல்லா நடவடிக்கைகளின் வெற்றியும் அதனையே பொறுத்துள்ளது. எனவே விடுதி நிர்வாகிகள் வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இவ்விதிகளை வகுத்து மாணவர்களுக்கு அறிவித்தல் அவசியமாகும்.