உலோகம் எங்கே இருக்கிறது?

பால்மரத்தில் கட்டப்பட்ட மங்கு, அதனைத் தாங்கி நிற்கும் கம்பி வளையம், பாலை மங்கிற்குள் வழிநடத்தும் சிறு தகரத் துண்டு, பட்டையைச் சீவும் உளி ஆகியவற்றை உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நன்கு அறிவர். மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பாலை அள்ளிச் சாக்கில் போடும்பொழுது, கம்பியின் நுனியோ தகரத்தின் சிறு கிழிசலோ அதனுடன் சேர்ந்துவிடுவதுண்டு. அவ்வாறு புதைந்த துண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் அரைபட்டு, கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, ஏறக்குறைய 33 கிலோ எடையுள்ள கட்டியாக அழுத்தப்பட்ட பின்னரும் அது உள்ளேயே கிடக்கக்கூடும்.

சிறு கம்பித்துண்டுதானே என்று எண்ணிவிடாதீர்கள். டயர் செய்யும் தொழிற்சாலையில் ரப்பரைத் தகடாக உருட்டுவதற்குப் பெரிய எஃகு உருளைகள் உள்ளன. அவற்றின் முகம் கண்ணாடி போல் வழவழப்பாக இருத்தல் வேண்டும். ஓர் ஆணித் துண்டு இடையில் சிக்கினால் உருளையின்மேல் வடு விழும். பின்னர் அவ்வுருளை ஒவ்வொரு சுற்றிலும் அதே வடுவைத் தகட்டின்மேல் பதித்துக்கொண்டே போகும். உணவுப் பொருள்களிலோ தீங்கு இன்னும் கொடியது. பிஸ்கட்டில் கிடக்கும் உலோகச் சீவல் குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும். ஆகவேதான் இத்தகைய ஆலைகளில் பொருள்களை ஏந்திச் செல்லும் ஓடுபட்டையின் நடுவே, உலோகத்தைக் கண்டறியும் கருவியைப் பொருத்துகின்றனர்.

இக்கருவியின் கருத்து பழமையானது. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே உள்ளது என்று மருத்துவர்களால் அறிய இயலவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்சுருள்களைக் கொண்டு ஒரு கருவி அமைத்து வந்து தேடினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கம்பிகள் குழப்பத்தை உண்டாக்கின என்பர். மருத்துவர்கள் குண்டு இருப்பதாக நம்பிய பக்கத்தை மட்டுமே சோதிக்க இடமளித்ததும் ஒரு காரணம். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் அதிபர் இறந்தார். உலோகம் உள்ளது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஆலையில் எழும் சிக்கலும் இதுவே.

இன்றைய கருவி ஒரு சிறு வாயில்போல் இருக்கும். பட்டை அதனூடே ஓடும். வாயிலின் சட்டத்திற்குள் மூன்று கம்பிச்சுருள்கள் உண்டு. நடுச்சுருளில் மிக விரைவாகத் திசைமாறும் மின்னோட்டம் பாய்ந்து, சுற்றிலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இருபுறமும் சம தொலைவில் நிற்கும் மற்ற இரு சுருள்களும் அதனைச் சமமாக ஏற்கின்றன. அவை எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றொன்று கழித்துவிடும், விடை சுழியம். தட்டுகள் சமமாக நிற்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். உலோகம் நுழைந்ததும் அது முதலில் ஒரு சுருளுக்கு அருகிலும் பின்பு மற்றொன்றுக்கு அருகிலும் செல்கிறது. தராசு சாய்கிறது; மணி ஒலிக்கிறது.

எல்லா உலோகமும் ஒரேபோல் அகப்படுவதில்லை. இரும்பு எளிதில் சிக்கும். செம்பும் அலுமினியமும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அவையும் தப்புவதில்லை. எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுதான் கள்ளன். அதன் பல வகைகள் காந்தத்திற்கும் வசப்படுவதில்லை. மின்சாரத்தையும் நன்கு கடத்துவதில்லை. மேலும், ஈரமான பொருளும் கரிப்பொடி கலந்த கறுப்பு ரப்பரும் தாமே சிறிது மின்சாரத்தைக் கடத்தித் தராசை அசைத்துவிடும். எனவே பொருளுக்கு ஏற்றவாறு கருவியைப் பழக்குதல் வேண்டும். வாயில் பெரிதாக ஆக நுண்மை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அடையாளமிடும் முறைக்கு வருவோம். பொட்டலங்களாயின் குற்றமுள்ளதைக் காற்றால் ஊதியோ கையால் தள்ளுவதுபோல் ஒரு தண்டால் தள்ளியோ ஒதுக்கிவிடலாம். நீண்ட ரப்பர்த் தகட்டையோ துணிச் சுருளையோ அவ்வாறு ஒதுக்க முடியாது. முழுவதையும் எறிந்தால் பெருநட்டம். ஆகையால் உலோகமுள்ள இடத்தின்மேல் வண்ணமைத் தெளிக்கின்றனர். மைத்தெளிப்பானை வாயிலுக்குள் வைக்க இயலாது. அதன் உலோகமே கருவியை மருட்டும். சற்றுத் தள்ளியே வைத்தல் வேண்டும். அங்கேதான் கணக்கு வருகிறது.

பட்டை நிமிடத்திற்கு 24 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 40 சென்டிமீட்டர். தெளிப்பான் 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், கருவி உணர்ந்த 2 நொடி கழித்து மை விழ வேண்டும். இதுவரை எளிது. ஆனால் எவரோ பட்டையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். 2 நொடியை மாற்ற மறந்துவிட்டார். இப்பொழுது 2 நொடியில் உலோகம் 40 சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும். மையோ அதற்கு 40 சென்டிமீட்டர் முன்னால் சென்றுவிட்ட நல்ல ரப்பரின்மேல் விழும். தொழிலாளி குறியை நம்பி நல்ல பகுதியை அறுத்தெடுப்பார். ஆணி உருளையை நோக்கிப் பயணம் செய்யும். குறியே இல்லாதிருப்பதைவிடத் தவறான குறி தீயது என்பேன்.

இதற்கு மாற்று, நேரத்தை விட்டுத் தொலைவை எண்ணுவது. பட்டையைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறு சக்கரம் சுழலும். பட்டை 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் அது ஒரு மின்துடிப்பை அனுப்பும் எனக் கொள்வோம். உலோகம் உணரப்பட்டதும் எண்ணத் தொடங்கி, 80 ஆனதும் மை பீய்ச்சினால் போதும். பட்டை விரைந்தாலும் தளர்ந்தாலும் நின்றே போனாலும் கணக்குப் பிசகாது. சக்கரம் வழுக்காமல் இருந்தால் சரி.

குறி விழுந்ததுடன் வேலை முடிந்துவிடாது. அது தகட்டின் நீளத்தில் இடத்தைக் காட்டுமேயன்றி, இடமா வலமா என்று காட்டாது. பட்டையை நிறுத்தி, மைபட்ட பகுதியை அறுத்தெடுத்து, கையில் பிடிக்கும் சிறு கருவியால் குறுக்கே தடவிப் பார்ப்பர். உலோகம் கிடைத்த பின்னும் எஞ்சிய ரப்பரை மீண்டும் வாயிலினூடே அனுப்புதல் நலம். ஒன்றிருந்த இடத்தில் இரண்டும் இருக்கலாம்.

கருவியையும் அவ்வப்போது தேர்வு செய்கின்றனர். இரும்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றின் சிறு குண்டுகள் பதித்த அட்டைகளைத் தகட்டின்மேல் வைத்து அனுப்புவர். அட்டை கிடந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்திருப்பர். மணி ஒலித்ததா என்பதோடு, மை கோட்டின்மேல் விழுந்ததா என்றும் பார்ப்பர். கைக்கடிகாரமும் மோதிரமும் அணிந்து வாயிலருகே வேலை செய்வதைப் பல ஆலைகள் அனுமதிப்பதில்லை.

அகப்பட்ட துண்டைச் சில இடங்களில் எறிந்துவிடாமல், நாளையும் நேரத்தையும் எழுதிப் புத்தகத்தில் ஒட்டி வைக்கின்றனர். அதன் வடிவமே வந்த வழியைச் சொல்லும். கம்பியாயின் மங்கைத் தாங்கிய வளையமாக இருக்கலாம். பளபளக்கும் சீவலாயின் ஆலையின் அரைக்கும் கத்தியே தேய்ந்திருக்கலாம்.

பயிற்சி: பட்டை நிமிடத்திற்கு 18 மீட்டர் ஓடுகிறது. தெளிப்பான் 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. எத்தனை நொடி கழித்து மை விழ வேண்டும்? அதே நொடிக்கணக்கை மாற்றாமல் வேகத்தை 24 மீட்டராகக் கூட்டினால், மை ஆணிக்கு முன்னே விழுமா, பின்னே விழுமா?