நாயின் நிறமும் பரம்பரையும்

கரிய லபிறடோர் நாய்கள் இரண்டிற்குக் கபிலக் குட்டி பிறப்பின், இனம் கலந்ததோவென எம்மிடம் வினவுவார் உளர். அன்று. நிறந்தரும் பரம்பரையலகுகள் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக வருவன. கருமை ஆட்சியுடையது; கபிலம் பின்னிடைவானது. கபில அலகைக் கரந்து சுமக்கும் இரு கரிய நாய்கள் கூடின், சராசரியாக நான்கில் ஒரு குட்டி கபிலமாகும். பட்டாணிச் செடியில் ஆராய்ந்து மெண்டல் 1866 இல் வெளியிட்ட விதியும் இதுவே.

இனி, தமிழகத்து இராசபாளைய நாயை நோக்குவோம். தூவெண்மையே அதன் சிறப்பெனக் கொண்டு வளர்ப்போர் தெரிந்தெடுத்தனர். ஆயின், நிறமிக் கலங்கள் தோலுக்கு மட்டுமன்றி உட்செவிக்கும் வேண்டுவன. அங்கு அவை இல்லாவிடிற் செவிப்புலன் கெடும். அவ்வினத்திற் பிறவிச் செவிடு காணப்படுதல் இதனாலேயாம். ஆதலின் மாணவர்காள், வெண்மையை வியந்து குட்டி வாங்குமுன், அதன் பின்னே நின்று கைதட்டிப் பாருங்கள்.