மில்லிநொடி பிசகினால்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக் கிரேனில், 20 மீட்டர் கம்பிவடத்தில் தொங்கும் கன்டெய்னர் ஒரு முறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 9 நொடி ஆகும். ஆட்டம் நிதானமானது, மோட்டாரின் கணக்கு அப்படியல்ல. கம்பிவடத்தைத் தாங்கி நொடிக்கு 3 மீட்டர் ஓடும் டிராலி ஒரு மில்லிநொடியில் 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மில்லிநொடிக்கு ஒரு முறை விழிக்க வேண்டிய நிரல் 1.3 மில்லிநொடி கழித்து விழித்தால், நகர்ந்த தூரத்தை 1 மில்லிநொடியால் வகுத்து வேகத்தை 30 சதவீதம் கூட்டிக் காட்டும். இல்லாத வேகத்தை அடக்க மோட்டார் உதறும். இந்த நேரப் பிசகுக்குத்தான் ஜிட்டர் என்று பெயர்.

பெரிய கிரேன்களில் இந்த வேலைக்கென்றே பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. லினக்ஸ் கணினியால் மோட்டார் ஓட்டும் பட்டறைக்காரரும் கல்லூரி மாணவரும்தான் ஜிட்டரிடம் அதிகம் மாட்டுகிறார்கள்.

முதல் வேலை, எதையும் மாற்றாமல் அளப்பது. சைக்ளிக்டெஸ்ட் என்ற இலவச நிரலைச் சில மணி நேரம் ஓடவிட்டு, கூடவே வட்டிலும் நெட்வொர்க்கிலும் பளு ஏற்ற வேண்டும். சராசரியைப் பார்க்கக் கூடாது. அதிகபட்சத் தாமதத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. கடலில் மூழ்கி முத்தெடுத்த காலத்தில், கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டியதும் தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டியிருந்தது. நூறு முறை சட்டென்று இழுத்தவர் நூற்றோராவது முறை தாமதித்தால், அந்த ஒரு முறைதான் மூச்சைத் தீர்மானிக்கும்.

அடுத்து வன்பொருள். தாய்ப்பலகையின் பயாஸ், இயங்குதளத்துக்கே தெரியாமல் செயலியைச் சில நேரம் பறித்துக்கொள்ளும். ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற நிரல் அதைக் காட்டிக்கொடுக்கும். பயாஸில் மின்சேமிப்பு நிலைகளையும் பழைய யூஎஸ்பி ஆதரவையும் அணைத்துப் பார்க்கலாம். அப்படியும் குறையவில்லையென்றால் பலகையை மாற்றுவதே மலிவு.

பிறகு கெர்னல். முன்பு தனியாக ஒட்டுப்போட வேண்டியிருந்த நிகழ்நேர வசதி, 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இலிருந்து மூலக் கெர்னலிலேயே இருக்கிறது. அதை இயக்கி, ஒரு செயலிக் கருவைக் கட்டுப்பாட்டு நிரலுக்கென ஒதுக்கி, நெட்வொர்க் குறுக்கீடுகளை வேறு கருவுக்குத் தள்ள வேண்டும்.

நிரலுக்குள் தேடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். சுழற்சிக்குள் கோப்பில் எழுதக் கூடாது, புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. ‘இன்னும் ஒரு மில்லிநொடி தூங்கு’ என்று எழுதினால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். ‘இன்ன நேரத்தில் எழுப்பு’ என்று எழுத வேண்டும். பணிகள் பகிரும் தரவைக் காக்கும் பூட்டுகளையும் பார்க்க வேண்டும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கமானது. முன்னுரிமை குறைந்த பணி பூட்டைப் பிடித்தபடியே இடைநிலைப் பணியால் ஓரங்கட்டப்பட, அந்தப் பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்த பணி காத்துக் கிடந்ததுதான் காரணம். பூட்டு வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக முன்னுரிமையை உயர்த்தும் அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே மறு அளவீடு. இல்லையென்றால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

எல்லாம் செய்தும் எப்போதாவது ஒரு சுழற்சி தவறுகிறதா? கடற்கரை ஊரில் கடைசியாக, மோட்டாருக்குப் போகும் நெட்வொர்க் கேபிள் முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பில் செய்திகள் தொலையும். மென்பொருளுக்கு அது தாமதமாகவே தெரியும். நெட்வொர்க் அட்டையின் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் இணைப்பை மாற்றிவிட்டு, சைக்ளிக்டெஸ்ட்டோடு அந்த எண்ணிக்கையையும் ஓர் இரவு முழுக்கக் கவனிக்க வேண்டும்.